கட்டுப் போடுகிற அறை

திறப்பு விழாவுக்கு நாலு பேராவது வருவார்களா என்ற கவலையில், சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்த நகரசபை நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர், சுகாதார நிலையத்தின் நடைவழி நெடுக உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் பூரித்துப்போனார். கைகள் இரண்டையும் அகல விரித்தார்.

"வாங்க வாங்க! எல்லாரும் உள்ள வரலாம். செருப்பை மட்டும் வெளியே கழட்டி விட்டுடுங்க."

ஒருவரும் அசையவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மக்களின் கூச்சத்தைப் போக்குவது எப்படி என்று அவரே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். ஆகவே வரிசையில் முதலில் இருந்த பெரியவரின் முன்னால் குனிந்து, "நான் கழட்டி விடறேன் ஐயா" என்று அவருடைய செருப்பைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தார். செருப்போடு கட்டும் வந்தது. கட்டோடு கொஞ்சம் தோலும் வந்திருக்க வேண்டும். பெரியவர் போட்ட சத்தத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குள் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். புகைப்படக்காரர் மட்டும் கடமை தவறாமல் ஒரு படம் எடுத்தார்.

"டேய்! விடுடா அதை! புண்ணுடா அது!"

வரிசையின் கடைசியிலிருந்து வந்த அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிவது அவருடைய கைகளுக்குப் பிறந்த நாளிலிருந்து பழக்கம். செருப்பு தானாகக் கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். அக்கா! இடது பாதம் முழுக்க வெள்ளைக் கட்டு, மடியில் கைப்பை, முகத்தில் அவரைச் சின்ன வயதில் முட்டிபோட வைத்த அதே பார்வை.

"நீ எங்கக்கா இங்க?"

"கட்டு மாத்த வந்தேன். நீ எங்கடா இங்க?"

"நான்... திறப்பு விழாவுக்கு."

"எதைத் திறக்கறே?"

அவர் திரும்பிக் கதவைக் காட்டினார். குறுக்கே பச்சை ரிப்பன். மேலே 'மன அமைதி அறை' என்று பலகை. அக்கா அதைப் படித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் படித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அதுவரை அவர்களுடைய கால்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது, அந்த அறையைப் பிடுங்கிக்கொண்ட மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஊருக்கு ஒரு நலவாழ்வு வியூகம் வேண்டும் என்று நகரசபை தீர்மானித்தது. வியூகம் என்றதும் யானைப்படையும் குதிரைப்படையும் கிளம்பப்போவதாக யாரும் பயந்துவிட வேண்டாம். வழவழப்பான ஒரு புத்தகம், அவ்வளவுதான். அட்டையில் ஒரு குடும்பம் சிரிக்கும். அது இந்த ஊர்க் குடும்பம் இல்லை என்பது பல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளே ஐந்து தூண்கள். பங்கேற்பு, மலர்ச்சி, அப்புறம் இன்னும் மூன்று. அந்த மூன்றும் என்னவென்று எழுதியவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. எழுதியவர் நம் ஒருங்கிணைப்பாளர்தான். அலுவலகத்தில் சுருக்கமாக 'ஒருங்கு' என்பார்கள், அதுவும் நேருக்கு நேராக. அவரும் சேர்ந்து சிரிப்பார். தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே முதலில் சிரித்துவிட்டால் அடுத்தவருக்குச் சிரிக்க மிச்சம் இருக்காது என்பது அவர் கண்டுபிடித்த வித்தை.

எழுதுகிறவரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. இனி நடைமுறைப்படுத்துங்கள் என்றதும்தான் வினை வந்தது. மலர்ச்சியை எந்தத் தெருவில் போய் நடைமுறைப்படுத்துவது? கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ரிப்பன் கட்டுகிற மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும். ஓர் அறை என்று முடிவாயிற்று. அறை தேடி அவர் சுகாதார நிலையத்துக்குப் போனது ஒரு பிற்பகல். காலையெல்லாம் நலவாழ்வுக் கூட்டங்கள் இருந்ததால் பிற்பகலில்தான் போக முடிந்தது. நடைவழியின் கோடியில் ஓர் அறை திறந்து கிடந்தது. காலை நீட்டிக்கொள்ளும் வசதியுள்ள ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு மேசை, கவிழ்த்து வைத்த வாளி. ஒரு ஈ காக்கை இல்லை. ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். பயன்பாட்டில் இல்லாத அறை என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டு, ஜன்னலோரம் ஒரு நீரூற்று வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தவர்கள் காலையிலேயே வந்து கட்டு மாற்றிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். பிற்பகலில் அந்த அறையைக் கழுவிக் காயவிட்டிருப்பார்கள். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மக்களைக் கேட்டறிதல் என்று ஒரு தூணே இருக்கிறது. தூணைத் தாண்டிப் போய்க் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

கட்டுப் போடும் நர்ஸ் விடுப்பில் இருந்த வாரம் தச்சர் வந்தார், வர்ணம் அடிப்பவர் வந்தார், நீரூற்றும் வந்தது. நர்ஸ் விடுப்பு முடிந்து வந்த அன்றுதான் திறப்பு விழா.

"என் மேசை எங்க சார்?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஒருங்கிணைப்பாளருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"ஸ்டோர் ரூம்ல பத்திரமா இருக்கு, சிஸ்டர்."

"துடைப்பத்துக்குப் பக்கத்துலயா?"

"தற்காலிகமாத்தான்."

"புண்ணும் தற்காலிகமா நிக்குமா சார்? சொல்லிப் பாருங்க, நீங்க சொன்னா கேக்கும். புத்தகமே எழுதியிருக்கீங்களாமே."

அதற்குள் நலவாழ்வுப் பிரிவின் இயக்குநர் மேடத்தின் கார் வந்துவிட்டது. எதைக் கேட்டாலும் 'அதை அடுத்த கட்டத்துல எடுத்துக்கலாம்' என்பதால், மேடத்துக்கு அலுவலகம் வைத்த பெயர் 'அடுத்த கட்டம்'. இதை மட்டும் யாரும் நேரில் சொல்வதில்லை. மேடம் கூட்டத்தைப் பார்த்தார், மகிழ்ந்தார், ரிப்பனை வெட்டினார். "உடம்புக்கு முடியாத நிலையிலயும் இவ்வளவு பேர் வந்திருக்கீங்களே, இதுதான் பங்கேற்பு" என்று கண்கலங்கினார். பெரியவர் ஒரு கையால் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி ஏதோ கேட்கப் பார்த்தார். மேடம் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கட்டுப் போடுவது நின்று, அந்த அறையில் பாய்கள் விரிந்து கிடந்தன. நீரூற்று சலசலத்தது. சுவரில் 'உங்கள் மூச்சைக் கவனியுங்கள்' என்று எழுதியிருந்தது. கவனிக்க ஆள் வரவில்லை.

ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் இல்லை. சொந்த அக்காவின் கால் என்பதால்தான் துடித்தார் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். ஆனால் மற்றவர்களின் கால் மட்டும் என்றால் இவ்வளவு துடித்திருப்பாரா என்று தன்னையே கேட்டுக்கொண்டதும், போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

முதலில் நர்ஸிடம் போனார்.

"காலைல மட்டும் அந்த ரூமிலேயே கட்டு போட்டுடுங்களேன், சிஸ்டர். பாயைச் சுருட்டி ஓரமா வெச்சிடலாம்."

"கருவியைக் கொதிக்க வைக்க ஒரு பிளக் வேணும் சார். அந்த ரூம்ல இருக்கறதே ஒண்ணுதான். அதுல உங்க ஊத்து ஓடுது."

"ஊத்தை நிறுத்திட்டா?"

"நிறுத்தலாமே. எழுதிக் குடுங்க. வாயால சொன்னா, நாளைக்கு மெமோ உங்க வாய்க்கு வராது, எனக்குத்தான் வரும். ஊத்தைக் காலைல போட்டு சாயந்தரம் நிறுத்தணும்னு எனக்கு ஆர்டர் போட்டிருக்காங்க தெரியுமா? இத்தனை வருஷமா புண்ணைப் பாத்தேன், இப்ப தண்ணியைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

எழுதிக் கொடுக்க அவர் தயார். ஆனால் அனுமதி இல்லாமல் எழுதிப் பழக்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கமா போடுவதற்குக்கூட அவர் மேலே கேட்டுத்தான் போட்டிருக்கிறார். மேடத்திடம் போனார்.

"மேடம், அந்த அமைதி அறையைக் காலை நேரத்துல மட்டும் கட்டுப் போட விடறதுக்கு அனுமதி..."

"ரொம்ப நல்ல யோசனை" என்றார் மேடம். மேடம் நல்ல யோசனை என்று சொன்ன எதுவும் இதுவரை உயிரோடு வெளியே வந்ததில்லை. "இதை அடுத்த கட்டத்துல எடுத்துக்கலாம்."

"அடுத்த கட்டம் எப்ப மேடம்?"

"இந்தக் கட்டம் முடிஞ்சதும்."

"இந்தக் கட்டம் எப்ப முடியும்?"

"அதை மதிப்பீடு பண்ணித்தானே சொல்ல முடியும்? இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. கால் புண்ணுங்கறது சுகாதாரம். நாம நலவாழ்வு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

சுகாதாரப் பிரிவுக்குப் போனார். "அறை இப்ப உங்க கையில இருக்கு, எங்களை ஏன் கேக்கறீங்க?" என்றார்கள். கட்டடப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்தவர் பல்லிடுக்கில் எதையோ குத்திக்கொண்டே நிதானமாக விளக்கினார்: "சுவர் எங்களுது சார். கதவு எங்களுது. நடுவுல இருக்கு பாருங்க வெத்து இடம், அது எங்களுது இல்ல." வெத்து இடம் யாருடையது என்று கேட்டதற்கு, பொதுப் பிரிவில் விசாரிக்கச் சொன்னார். பொதுப் பிரிவில் இருந்தவர், மேடம் சொன்னால் உடனே செய்துவிடலாம் என்றார். அவருக்கு ஒருங்கிணைப்பாளர் மனதுக்குள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

இப்படி அவர் மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்ததில், அக்காவைப் போய்ப் பார்க்கவே விட்டுப்போயிற்று. ஒரு மாலை போனார்.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். வீட்டின் முன்னறைதான் கடை. மூலைக்கு மூலை நீலத் துணி. இடது காலை ஒரு துணி மூட்டையின் மேல் நீட்டிக்கொண்டு, வலது காலால் மட்டும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். காலில் கட்டு இருந்தது. அதன் நிறத்தைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னக்கா கட்டு நீலமா இருக்கு?"

"சட்டைத் துணி. நானே போட்டேன். ஓரம் அடிச்சிருக்கேன் பாரு, நூல் பிரியாது."

"ஆஸ்பத்திரிக்கே போகலியா?"

"எங்க போக? உன் ரூமுக்கு ஒரு நாள் போனேன். பாயில உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன். தண்ணி சலசலன்னு விழுந்துச்சு. சர்க்கரைக்காரி நான், அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு எவ்வளவு நேரம்டா உக்கார முடியும்? பாத்ரூம் எங்கன்னு கேட்டுட்டு அப்படியே வந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "எப்படிக்கா ஆச்சு இது? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"குண்டூசி. கீழே விழுந்தது எப்பவோ ஏறியிருக்கு. காலுக்குத்தான் எதுவும் தெரியறதில்லையே, அதோடயே மிதிச்சு மிதிச்சுத் தைச்சிருக்கேன். உனக்குச் சொன்னா என்ன பண்ணுவே? சாப்பாட்டுல கை வைக்காதே, காலைல எழுந்து நட, நல்லாத் தூங்குன்னு புத்தகத்தைத் தூக்கிட்டு வருவே. அதுக்குப் பயந்துதான் சொல்லல."

அவர் கீழே உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். ஓரம் அடித்திருந்ததால் முடிச்சு லேசில் வரவில்லை. வந்த பிறகு, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மூக்கைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"மூச்சைக் கவனிடா" என்றாள்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரின் அந்தக் கோடி. ஒரு பஸ் ஏறி, இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை என்று நின்று, வெயில் சாயும்போதுதான் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்கள். சின்னப் பெண். எப்போது சாப்பிட்டாரோ, கண் உள்ளே போயிருந்தது. புண்ணைக் கழுவினார், கட்டுப் போட்டார், அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"இதுக்கு ஏம்மா இவ்வளவு தூரம் வரணும்? உங்க பக்கத்துச் சுகாதார நிலையத்துலயே ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுவாங்களே."

"அங்க இப்ப மன அமைதி குடுக்கறாங்க டாக்டர்" என்றாள் அக்கா. "இவன்தான் குடுக்கறான். என் தம்பி."

டாக்டர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்த பார்வையில், அவர் சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினார். டாக்டர் ஒரு பேனாவை எடுத்தார். அக்காவின் சுண்டுவிரலிலிருந்து பாதத்துக்குப் பரவியிருந்த சிவப்பைச் சுற்றி, தோலின் மேலேயே ஒரு கோடு இழுத்தார்.

"சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டாம பாத்துக்குங்க. அதுக்குச் சுத்தமான இடத்துல, சுத்தமான கையால கட்டு மாத்திட்டே இருக்கணும். மெஷினை மிதிக்கக் கூடாது."

"தாண்டினா டாக்டர்?" என்றார் அவர்.

"தாண்டாம பாத்துக்குங்கன்னுதானே சொல்றேன்" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் முழுவழியும் அந்தக் கோட்டையே நினைத்துக்கொண்டு வந்தார். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி வருவது என்றால் அக்கா எப்போது தைப்பாள், எப்போது சாப்பிடுவாள்? அந்தப் பெரியவர் யாரைக் கூட்டிக்கொண்டு வருவார்? தன் புத்தகத்தில் கால் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று யோசித்துப் பார்த்தார். 'காலத்தின் கட்டாயம்' என்று ஓரிடத்தில் வரும்.

அடுத்த முறை கூப்பிட்டபோது அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். பள்ளி திறக்கப்போகிறது, சட்டை முடியவில்லை. இவர் போய்ப் பார்த்தபோது நீலக் கட்டு மறுபடி ஏறியிருந்தது. பிரித்துப் பார்த்தார். சிவப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு பக்கத்தில் கோடு எது, சிவப்பு எது என்று தெரியவில்லை.

"என்னடா, தாண்டிடுச்சா?" என்றாள் அக்கா. குனிந்து பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நூல் இல்லை.

"இல்லக்கா."

"பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும்."

அவர் எழுந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். நகரசபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், 'லிஃப்டைத் தவிருங்கள், படியேறி நலம் பெறுங்கள்' என்று அவரே எழுதி ஒட்டிய தாளின் கீழே நின்று, மேடம் லிஃப்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. மேடம் உள்ளே போனார். ஒருங்கிணைப்பாளரும் கூடவே போனார். வேறு யாரும் இல்லை. கதவு மூடிக்கொண்டது.

"மேடம், அந்த ரூம்..."

"அதான் அடுத்த கட்டத்துல..."

"எனக்குக் கட்டம் வேண்டாம் மேடம்" என்றார் அவர். காது சிவந்திருக்கும், இந்த முறை பொய்யால் இல்லை. "அனுமதி கேக்க வரல. எங்க அக்காவுக்குக் கால்ல புண்ணு. இத்தனை நாளா சொல்லல, சொந்தக்காரங்க விஷயம்னு சொல்லிடுவீங்களோன்னு. விரல் போயிடும் போல இருக்கு. விரலோட நிக்காது போலயும் இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இப்பவே போய், பாயையும் ஊத்தையும் தூக்கி வெளியே வெச்சுட்டு, சிஸ்டர் கையில என் கையெழுத்துப் போட்ட தாளையும் சாவியையும் குடுத்துட்டா, என்ன ஆகும்?"

மேடம் கதவுக்கு மேலே ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒருங்கிணைப்பாளர் தன்னிடம் வேலை பார்த்த இத்தனை காலத்தில் முதல்முறையாக, அவருடைய முகத்தைப் பார்த்தார். மேடத்தின் முகமும் சோர்ந்திருந்தது. அவருக்கும் வீட்டில் யாருக்காவது காலோ கையோ வலிக்கும்போல் இருந்தது.

"ஒண்ணும் ஆகாது" என்றார்.

"யாராவது வந்து பாத்தா?"

"யாரும் வரமாட்டாங்க. ரிப்பன் வெட்டின ரூமுக்கு யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. நானும் வரமாட்டேன். உங்க புத்தகத்தை மேல ஒருத்தரும் பிரிக்கல. முன்னுரைல என் பேர் இருக்கு, அதையே நான் படிக்கல."

அந்தப் புத்தகத்துக்காக அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தார்! நெஞ்சில் சுருக்கென்றது. அதே நெஞ்சிலிருந்து ஒரு பாரமும் இறங்கியது.

"அப்ப ஏன் மேடம் இத்தனை நாளா இதைச் சொல்லல?"

"நீங்க அனுமதி கேட்டீங்க. அனுமதின்னு கேட்டா நான் எழுதணும், எழுதினா என் தலை உருளும். அதனால கட்டம், கட்டம்னு தள்ளினேன். பண்ணினா என்ன ஆகும்னு நீங்க இன்னைக்குத்தானே கேக்கறீங்க?" லிஃப்ட் நின்றது. மேடம் வெளியே ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பி, கீழே போகும் பொத்தானைத் தானே அழுத்தினார். "போங்க. போய்க் கட்டுப் போடச் சொல்லுங்க. நாளைக்கு ஏதாவது வந்தா மாட்டப்போறது நீங்க மட்டும்தான். நான் உங்களை இங்க பாக்கவே இல்ல."